கையால் திருப்புகிற லென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பேக்கரியின் மூலை மேசைக்கு வருகிறவர்கள் ரொட்டிக்காக வருவதில்லை. ஆளுக்கொரு தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை கட்டுகிறவரை பேசுவார்கள். மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. கேமராக்களும் லென்ஸ்களும் அவற்றைத் துடைக்கிற மெத்துத் துணிகளும் பரப்பிக் கிடக்கும். விடியலில் எழுந்து ஏரிக்கரைக்கோ ரயில் பாலத்துக்கோ போய்ப் படம் எடுத்துவிட்டு, செருப்புச் சேற்றோடு நேரே இங்கே வந்து உட்காருகிறவர்கள். அவர்கள் எழுந்து போன பிறகு தரை துடைக்கிறவர் முணுமுணுக்காத ஞாயிறு கிடையாது.

கல்லாவில் நிற்கிறவளை எல்லோரும் பேக்கரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டியை எண்ணிப் பையில் போடும்போதும் சில்லறை பொறுக்கும்போதும் அவள் ஒரு காது எப்போதும் அந்த மூலையில் இருக்கும்.

"ஒரே ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ் போதும் டாக்டர். அதை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் எடுங்க. கண்ணு தானா பழகிடும்" என்பார் வங்கிக் காசாளர். ஏரிக்கரையில் மூச்சு விடுவதற்குக்கூட கேமரா நிறுத்துகிற முக்காலியைத் தேடுகிறவர் என்பதால் அவருக்கு முக்காலி என்றே பெயர்.

"அப்ப உங்க பையில இருக்கிற மத்ததெல்லாம் என்ன, தேங்கா மூடியா?" என்பார் பல் டாக்டர். யாராவது ஒரு லென்ஸைப் புகழ்ந்துவிட்டால் அடுத்த ஞாயிறு அது அவர் கழுத்தில் தொங்கும்.

"கேமராவா முக்கியம், பாக்கிற கண்ணுதான் முக்கியம்" என்று ஒரு வாசகம் அந்த மேசையில் அடிக்கடி அடிபடும். இருக்கிறதிலேயே விலை கூடிய கேமராக்காரர்தான் அதைச் சொல்வார். செல்போனிலேயே படம் எடுக்கிற பாட்டு டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பன்னைப் பிய்த்துத் தேநீரில் நனைப்பார்.

பேக்கரி அக்காவுக்கு இந்தப் பேச்சில் பாதிக்கு மேல் புரியும். அவள் மகள் ஒரு காலத்தில் அதே மேசையில், சுவரை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்து இப்படிப் பேசிக்கொண்டிருந்தவள்தான். எண் குறையக் குறைய லென்ஸின் ஓட்டை பெரிதாகும் என்பதை அம்மாவுக்கு விளங்கவைக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "நம்ம அப்பா மாதிரிம்மா. பேச்சு குறையக் குறைய கோபம் பெருசாகுமில்ல, அந்தக் கணக்குதான்."

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "நாள் முழுக்க எலும்பைப் படம் பிடிக்கிற, விடிஞ்சா கொக்கைப் படம் பிடிக்கிற. உயிரும் சதையுமா இருக்கிற எங்களை என்னைக்குப் பிடிப்ப?" என்று அவர் கிண்டல் செய்வார். அவர்களுக்குள் ஒட்டுதலுக்குக் குறைவே இருந்ததில்லை. ஸ்குரூ டிரைவர் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவள் கேமராவை முதல்முதலாகத் திறந்து துடைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தவரும் அவர்தான்.

எல்லாம் பேக்கரி அக்காவின் ஆபரேஷன் வரைக்கும்.

பித்தப்பையில் கல். மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே கொண்டுபோவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் வந்துவிடலாம் என்று மகள் விடிகாலையில் ஏரிக்குப் போனாள். முந்தைய நோயாளிக்குக் காய்ச்சல் வந்து முறை மாறிவிட்டது. காலையிலேயே பேக்கரி அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் ஒற்றை ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூடின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் போன் அடித்தார். அது பைக்குள் கிடந்தது, பை படகில் கிடந்தது, அவள் நாணலுக்குள் முழங்கால் சேற்றில் நின்றாள். கடைசியில் கழுத்தில் கேமராவும் காலில் சேறுமாக ஓடிவந்தவளைப் பார்த்ததும் அவர் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், கேமராவை வாரோடு பிடித்து இழுத்தார். அது தரை ஓட்டில் விழுந்தது.

கைநழுவி விழுந்தது என்றார் அவர். போட்டார் என்றாள் அவள். பார்த்த சாட்சி வேறு யாரும் இல்லை. பேக்கரி அக்கா கண் விழித்தபோது இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கத்தில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கத்தி பட்டது என் வயித்துல. ஆறாத புண்ணு மட்டும் உங்க ரெண்டு பேருக்குமா?" என்று அவள் பின்னால் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். அந்த மாதமே மகள் கடலோர ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் ஏறினால் ஒரு பகல் பூராவும் ஆகும்.

தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். அவள் போனை வைத்ததும் மெக்கானிக் சுவரிடம் கேட்பதுபோல் கேட்பார்.

"சாப்பிட்டாளாமா?"

"சாப்பிட்டாளாம்."

"கடக்காத்து இரும்பைத் தின்னுடும். ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் போடச் சொல்லு."

மறுநாள் அங்கிருந்து பதில் வரும். "எண்ணெய் போட்டாச்சுன்னு சொல்லு. ஏணியில ஏறும்போது கீழ ஒரு ஆள் வச்சுக்கச் சொல்லும்மா."

"நடுவுல நான் என்ன தந்திக் கம்பியா?" என்று பேக்கரி அக்கா கத்துவாள். கத்திவிட்டுச் செய்தியைச் சொல்லிவிடுவாள். ஒன்றிரண்டு தடவை அவர் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தாள். அவர் தட்டுகிற சுத்தியல் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதி அங்கே கேட்டுவிடும். "அம்மா, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு" என்பாள் மகள்.

இரண்டு வருஷமாக இதுதான் அந்த வீட்டின் நடப்பு. ஞாயிறுகளில் அந்த மூலை மேசைப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றால், பேச்சின் நடுவில் மகளின் குரல் வரவேண்டிய இடம் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். இங்கே அவள் மறுத்திருப்பாள், இங்கே சிரித்திருப்பாள். அந்த இடங்களைத் தாண்டிப் பேச்சு போய்க்கொண்டே இருக்கும்.

மழைக்காலம் தொடங்கின ஒரு ஞாயிறு, குடைகள் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தபோது, முக்காலி ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேக்கரி அக்கா நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. வந்தவர் அவள் புருஷன்; அந்த மேசையில் யாருக்கும் அவரைத் தெரியாது. சலவைச் சட்டை, சீவின தலை, கழுத்தில் ஒரு பழைய கேமரா. கல்லாப் பக்கம் திரும்பாமல் போய், சுவரை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நம்ம குரூப்புக்குப் புது மெம்பர். என் ஃப்ரிட்ஜுக்கு உயிர் கொடுத்தவர். பனிக்கட்டின்னு பேர் வச்சிருக்கேன்" என்று முக்காலி அறிமுகம் செய்தார். போனில் அவர்கள் வைத்திருக்கிற அந்தக் குரூப்பில் எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. ஊர் மாறிப் போன பிறகும் அதில் இருக்கிற மகளுக்கு மீன்கொத்தி.

மேசைக்குத் தேநீர் கொண்டுபோகிறவரை நிறுத்திவிட்டு அன்று பேக்கரி அக்காவே தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"சாருக்குச் சக்கரை போடலாமா?"

"போடாதீங்க" என்றார் அவர், கலியாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவளுக்கு மரியாதை கொடுத்து.

அவள் கல்லாவுக்குத் திரும்பி வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சில்லறை எண்ணினாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையை ஆணியில் மாட்டினாள். அவர் சமையலறை மேசையில் கேமராவை வைத்துக்கொண்டு எந்தப் பொத்தான் எதற்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து சார் இந்தப் பழக்கம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "முக்காலி வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேனா... முட்டைக்குப் பக்கத்துல சின்னச் சின்ன டப்பாவா அடுக்கி வச்சிருக்கார். மாத்திரையா சார்னு கேட்டேன். ஃபிலிம் ரோலாம், குளிர்ல இருந்தா கெடாதாம். பேச்சு வாக்குல போன்ல படம் காட்டினார். ஒரு மீன்கொத்தி. தண்ணிக்குள்ள பாயுது, அலகு தண்ணியத் தொட்ட அந்த நொடி. யார் எடுத்ததுன்னேன். முன்னாடி நம்ம ஊருல இருந்த பொண்ணு, லென்ஸ் கீழ விழுந்து தானா ஃபோகஸ் பிடிக்கிறது செத்துப்போச்சு, கையாலயே திருப்பி எடுக்குது, இந்தக் குரூப்ல கையால ஃபோகஸ் பண்றதுன்னா அதுகிட்டதான் எல்லாரும் கேப்பாங்கன்னார்."

"நீங்க யாருன்னு சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்லுவேன்? கண்டென்சர்ல தூசி அடைச்சிருக்கு சார்னு சொன்னேன்."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அவகிட்ட பேசினீங்களா?"

அவர், மகளுக்குத் தெரியாத புது எண் போட்ட போனை அவள் பக்கம் தள்ளினார்.

"மேடம், பறவை அசையுது. எனக்கு மங்கலா வருது" என்று பனிக்கட்டி கேட்டிருந்தார்.

"பறவை அசையல சார், நீங்க அசையறீங்க. முழங்கையை விலாவோட ஒட்டி வைங்க. மூச்சை விட்டுட்டு அமுக்குங்க" என்று மீன்கொத்தி எழுதியிருந்தாள்.

"என் லென்ஸும் பழசு மேடம். கையாலதான் திருப்பணும். எங்க நிறுத்துறதுன்னு தெரியல."

"தெளிவாத் தெரிஞ்ச உடனே நிக்காதீங்க சார். கொஞ்சம் தாண்டிப் போங்க, மறுபடி மங்கட்டும். அப்புறம் திரும்பி வாங்க. தாண்டிப் போனாத்தான் சரியான இடம் எதுன்னு கைக்குத் தெரியும். அவசரப்படாதீங்க, வந்துடும்."

"சார்ங்கிறா பாருங்க" என்றாள் பேக்கரி அக்கா.

"மேடம்ங்கிறேனே நான்."

அந்த 'சார்' அவருக்கு இனித்ததா குத்தியதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கே இதை மகளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் நினைத்தாள். சொல்லவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டுவதும், கேள்வி போனதும் முகம் கழுவிவிட்டு வந்து காத்திருப்பதும், பதில் வந்ததும் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு சமையலறையில் நின்று எண்ணெய் டப்பாவைப் படம் எடுப்பதும் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போது, "இந்த நிழலைப் பத்தி என்ன சொல்றா, படிங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். அந்த வீட்டில் மூன்று பேர் இருப்பதுபோல் இருந்தது.

மழை வலுத்தது. துணி காயவில்லை, பேக்கரியில் ரஸ்க் நமுத்தது, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. கடலோர ஊரில் இன்னும் மோசம்போல. ஒரு மாலை மீன்கொத்தி குரூப்பில் எழுதினாள்: "லென்ஸுக்குள்ள சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை பிடிச்சிருக்கு. இருக்கிறது இந்த ஒண்ணுதான். என்ன செய்யலாம்?"

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வெயிலில் வை என்றார் முக்காலி. வெயிலுக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டார். அரிசி டப்பாவில் புதைக்கலாம் என்று யாரோ சொல்ல, மாவு ஏறி இன்னும் கெட்டுப்போகும் என்று நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். கரண்டில் ஓடுகிற ஈரம் உறிஞ்சும் அலமாரி ஒன்று வாங்கிவிடு என்று பல் டாக்டர் படத்தோடு அனுப்பினார். மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். விரல் வேகத்துக்கு வரவில்லை. பேச்சு முந்திக்கொண்டது. மைக் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"அதெல்லாம் வேணாம் மேடம், கேளுங்க. ஓடாத சின்ன ஃப்ரிட்ஜ் ஒண்ணு போதும். கம்ப்ரசரைக் கழட்டிடணும். உள்ள ஒரு சின்ன பல்பு, ராவும் பகலும் எரியட்டும், அந்தச் சூடு போதும். ஆனா இறுக்கி அடைச்சுடாதீங்க, மேல ரெண்டு ஓட்டை போட்டு விடுங்க. மெஷினுக்கும் மூச்சு விட இடம் வேணும் பாப்பா..."

கையில் கரண்டியோடு பேக்கரி அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டை விரல் பொத்தானிலிருந்து எழுந்தது. பேசினது குரூப்புக்குப் போய்விட்டது.

"அழிங்க! அழிங்க அதை!"

"எப்படி அழிக்கிறது? எங்க இருக்கு?"

தடவித் தேடுவதற்குள் மகள் கேட்டுவிட்ட அடையாளம் நீலமாக விழுந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. யாரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. மீன்கொத்தி குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பேக்கரியின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்று பேக்கரி அக்கா மகளின் அழைப்பை எடுத்தாள்.

"நீயும் கூட்டாம்மா?"

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு..."

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அந்தப் பனிக்கட்டி சார்கிட்ட நான் எவ்வளவு பேசியிருக்கேன் தெரியுமா? யாரோ ஒரு பெரிய மனுஷர், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிக் கேக்கிறாரே, நம்ம சொன்னதை அப்படியே செஞ்சு பாத்துட்டு வந்து சொல்றாரேன்னு இருந்தேன். நம்ம அப்பா ஒரு நாளாவது இப்படி இருந்திருக்கக் கூடாதான்னு நினைச்சிருக்கேன்மா." அவள் குரல் உடைந்து நின்றது. "என் நம்பர் அவர்கிட்ட இல்லையா?"

"இருக்கு. தினமும் எடுத்துப் பாப்பாரு."

"பாத்தா போதுமா?"

அந்தப் பக்கம் யாரோ நோயாளியின் பெயரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போன் அணைந்தது.

அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடித்து ஓயும். தந்திக் கம்பியும் அறுந்துபோயிற்று. கல்லாவுக்குக் கீழே போனை வெளிச்சம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ரொட்டி விற்றாள். ரொட்டி கேட்டவருக்கு ரஸ்க் கொடுத்தாள், பன் கேட்டவருக்கு மீதிச் சில்லறையை மட்டும் கொடுத்தாள். முதலாளி வந்து, "அக்கா, உடம்புக்கு முடியலைன்னா வீட்டுக்குப் போங்க" என்றார். வீட்டுக்குப் போய் என்ன செய்ய? வீட்டில் அதைவிட மௌனம்.

ஞாயிறு மூலை மேசையிலும் அதே பேச்சுதான்.

"பனிக்கட்டியும் வரல, மீன்கொத்தியும் போயிட்டா. என்ன நடந்துச்சுன்னே புரியல. அவர் நல்ல யோசனைதானே சொன்னார்?" என்றார் முக்காலி.

"லென்ஸ் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்ற பல் டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டு, கல்லாவைப் பார்த்தார். "அக்கா, உங்க பொண்ணுகிட்ட கேட்டுப் பாருங்களேன். அவ இல்லாம எங்களை யாரும் திட்ட மாட்டேங்கிறாங்க. எல்லாப் படமும் நல்லாருக்குன்னே சொல்லித் தொலைக்கிறாங்க."

அவள் தலையாட்டினாள். உள்ளே போய் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. பின்புறத் தகரக் கொட்டகையில் துளை போடுகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் ஒரு பழைய சின்ன ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கம்ப்ரசரைக் கழற்றியாயிற்று. உள்ளே பழைய அழுக்கு வாடை போக சோடா மாவு போட்டுத் துடைத்திருந்தார். தட்டுகளின்மேல் மெத்தென்ற ஏதோ துணியை அளவாக வெட்டி ஒட்டியிருந்தார். துருப்பிடித்த கீலுக்குப் பதில் புதுக் கீல். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் விரல் கிழிக்காதபடி அரத்தால் தேய்த்திருந்தார்.

"இதை யாருக்குச் செய்றீங்க?"

"சும்மா."

"சும்மா செய்றதுக்குப் புதுக் கீலா?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "பார்சல்ல போட்டு அனுப்பலாம்னு. பேர் போடாம."

அவள் அங்கேயே ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் அடக்கினதெல்லாம் வெளியே வந்தது.

"பேர் போடாம! பனிக்கட்டியா போய் பேசினது போதாதா? இப்ப பேர் இல்லாத பார்சலா? நீங்க செஞ்ச வேலையால எனக்கு வந்துட்டிருந்த ஒரு குரலும் நின்னுபோச்சுங்க. காலையில எந்திரிச்சா இன்னைக்கு அவ குரல் கேக்குமான்னுதான் முதல் நினைப்பே வருது. போங்க. நேர்ல போய் உங்க வாயால பேசுங்க."

"என் மூஞ்சியப் பாத்ததும் கதவைச் சாத்திட்டா?"

"சாத்தட்டும். சாத்துற சத்தமாவது கேக்குமில்ல. இங்க அதுவும் இல்லையே!"

தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டியது. அவர் நெடுநேரம் பெட்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சத்தமில்லாமல் மூடியது.

"நீயும் வா" என்றார்.

"எனக்கு லீவு கிடைக்காது."

அவள் லீவு கேட்கவே இல்லை.

பஸ் நிலையத்தில் நடத்துனர் அந்தப் பெட்டியைப் பார்த்ததும், "ஃப்ரிட்ஜெல்லாம் ஏத்த மாட்டோம்" என்றார். "இது ஃப்ரிட்ஜ் இல்ல சார், ஃப்ரிட்ஜோட தோல்" என்று மெக்கானிக் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பேக்கரி அக்கா ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டாள். கடைசி இருக்கையில் பெட்டிக்குப் பக்கத்தில், குழந்தையைப் பிடித்துக்கொள்கிறவர் மாதிரி ஒரு கையை அதன்மேல் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பஸ் திரும்புகிறவரை பார்த்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு அழைப்பு வந்தது. "இறங்கிட்டேன். இப்ப போனா தூக்கத்துல எழுப்பின மாதிரி ஆயிடும். காலையில ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்." அவ்வளவுதான். மறுநாள் பூராவும் எதுவும் இல்லை. மத்தியானம் இரண்டு தடவை போனை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள். இவர் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பார். நினைக்க நினைக்க வயிற்றில் பழைய தையல் இருந்த இடம் இழுத்தது.

சாயங்காலம் வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகளின் எண். கையைத் துடைக்காமலே எடுத்தாள்.

"அம்மா, உன் வீட்டுக்காரர் என் ரூம்ல ஒரு ஃப்ரிட்ஜைக் கொண்டாந்து வச்சிருக்கார். இனிமே நான் எங்க படுக்கிறது?"

"அவர்... எப்ப வந்தார்?"

"காலையிலேயே வந்துட்டாரும்மா. எக்ஸ்ரே ரூமுக்கு வெளிய பெஞ்சுல நோயாளிங்களோட உக்காந்திருந்திருக்கார். யாரோ டோக்கனைக் கையில கொடுத்துட்டாங்க. இவரும் வாங்கிக்கிட்டு வரிசையில வந்துட்டார். நான் தலையை நிமிராம எங்க வலிக்குதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நின்னுக்கிட்டே இருந்தார்."

மகளின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "அப்புறம் டியூட்டி முடியறவரைக்கும் வெளியவே உக்காந்திருந்தார். பெட்டிய மடியில வைக்காத குறை."

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "ஜன்னலோரம் வச்சா உப்புக் காத்து நேரா அடிக்கும்னு சொல்லு."

அதை அப்படியே சொல்வதற்குப் பேக்கரி அக்கா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் மகளின் குரல் போனைவிட்டு விலகிக் கேட்டது.

"எனக்குக் காது இருக்கு. என்கிட்டயே சொல்லுங்க."

எங்கேயோ அலைச் சத்தம்போல ஒன்று கேட்டது, மின்விசிறியாகவும் இருக்கலாம்.

"ஜன்னலோரம் வேணாம் பாப்பா" என்றார் அவர்.

போனை எங்கோ வைத்துவிட்டாள் போலிருந்தது. கட்டில் இழுபடுகிற சத்தம். ஏதோ டப்பா உருண்டது.

"பல்பு எரியுதா பாரு."

"எரியுது. லென்ஸை அப்படித் தூக்காதீங்கப்பா. முன்னாடி பிடிக்காதீங்க, பாடியைப் பிடிங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் அன்னைக்கு அப்படிப் போட்டீங்களா?"

பேக்கரி அக்காவின் கையில் கத்தி அசையாமல் நின்றது. நடுவில் புகுந்து எதையாவது சொல்லிப் பேச்சை மாற்ற நாக்கு துறுதுறுத்தது. பற்களைக் கடித்துக்கொண்டாள்.

"நழுவிச்சோ போட்டேனோ... எனக்கே தெரியல பாப்பா. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனா என் கையிலேர்ந்துதானே விழுந்துச்சு." அவர் செருமினார். "உள்ள அவ தனியா இருக்கா, வெளிய நான் தனியா இருக்கேன். நீ வந்ததும் தைரியம் வந்துச்சு. தைரியம் வந்ததும் கோபம் வந்துடுச்சு."

மகள் அழுகிறாளா என்று இவள் காதை அழுத்திக் கேட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"சரி, இந்த நுனியைப் பிடிங்க. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல தள்ளிடலாம்."

"சுவரோட ஒட்டாத. விரல்கடை இடம் விடு."

"அடடா, மூச்சு விடணும், அதானே."

"நாளைக்கு நான் கிளம்பணும்."

"விடியக்காலையில துறைமுகத்து மதில் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கும். பாத்துட்டுப் போங்க. உங்க கேமராவைக் கொண்டுவந்தீங்களா?"

"கொண்டுவந்தேன். முக்காலி இல்லையே?"

"அதெல்லாம் எதுக்கு? மதில்மேல முழங்கையை ஊனிக்கலாம்."

"கல்லு சொரசொரன்னு இருக்குமே."

"துண்டைப் போட்டுக்கோங்க. எல்லாத்துக்கும் ஒரு குறை."

"நீ சொன்னதைத்தானே கேட்டுக்கிட்டு வர்றேன். குறை சொன்னனா?"

வீட்டுக்கு வா என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டும்போல் இங்கே இவளுக்கு இருந்தது. அந்தச் சுவரோர நாற்காலி, மகள் படுக்கிற அறை, அங்கே மடித்து வைத்த போர்வை எல்லாம் கண்ணில் வந்து நின்றன. அந்தப் பக்கம் அவர்கள் வெளிச்சம் எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேகம் இருக்கும் என்றார் அவர். மேகம் இருந்தால்தான் நல்லது என்றாள் அவள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போடாமல், பீன்ஸை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மகளின் குரல் பக்கத்தில் வந்தது.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

அவள் பேசவில்லை.

"அம்மா?"

"வேலையா இருப்பா. கூப்பிட்டுப் பாரு" என்றது அவர் குரல்.

பேக்கரி அக்கா கத்தியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். மூச்சுக் கேட்டுவிடப்போகிறதே என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், இரண்டு பேரும் மறுபடி அவளிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.